எதிர்ச் சரிவின் கூவல்

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்னைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். எங்கள் காட்டு ஓரத்தில், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் நின்று, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதினொரு மாதமாக இதே பிழைப்பு.

அவளும் நானும் ஒரே வருடம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். சொந்தம் ஒன்றும் இல்லை. அவள் வீடு எதிர்ச் சரிவில், என் வீடு இந்தச் சரிவில். இறங்கி ஏறினால் அரை மணி நேரம் ஆகும். கூவினால் உடனே கேட்கும். ஆகவே கூவிக்கொள்வோம். உப்பு இருக்கிறதா, பஸ் போய்விட்டதா, உன் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தாரா, எல்லாமே பள்ளத்தின் மேலேதான். ஊரே கேட்கும். கேட்கட்டுமே, யார் வீட்டுச் சொத்து போகிறது!

அதில் ஒரு கூவல் மட்டும் தவறவே கூடாது. மரவள்ளி முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கும். அவள் வீட்டுக்காரர் மோட்டார் லைனிலிருந்து திருட்டுத்தனமாகக் கரண்ட் இழுத்து, காட்டைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தார். கூடாத வேலை என்று எல்லோருக்கும் தெரியும். இருட்டும் முன் அவள், "ஏ புள்ளே, கம்பி போட்டாச்சு!" என்பாள். நான் அடுத்த வீட்டுக்குச் சொல்வேன். விடிந்ததும், "எடுத்தாச்சு!" என்று வரும். அதற்குப் பிறகுதான் அந்தக் காட்டோரத் தடத்தில் யாரும் கால் வைப்பார்கள். இந்த ஒரு சத்தத்தை நம்பி வருடக்கணக்கில் ஓட்டினோம். பன்றி விழுந்தால் இலையில் கட்டி எனக்கும் ஒரு பங்கு கறி வரும். மிளகு நிறையத் தட்டிப்போட்டு வறுப்பேன். ருசியைப் பொய் சொல்ல மாட்டேன்.

போன பலா சீசனில் மலைக்குக் கீழே சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து பழம் ஏற்ற ஒரு லாரி வந்தது. சுமை தூக்க வந்த ஆள் எங்கள் ஊரிலேயே தங்கினார். விடியும் நேரத்தில் ஒதுங்குவதற்காக அந்தத் தடத்தில் போயிருக்கிறார். எங்கள் கூவல் எங்களுக்குத் தெரியும். கீழேயிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு "எடுத்தாச்சு" வரவில்லை. ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு கம்பளியில் எதையோ சுமந்துகொண்டு ஓடைப் பாறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளிக்கு வெளியே ஒரு கால் தொங்கியது.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "பாறையில வழுக்கி உளுந்துட்டான், அவன் விதி. ஊர்க் காரியம் ஊரோட இருக்கோணும்" என்று முடிவானது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எங்களுக்கு ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டால் அதற்குமேல் சொல்லவேண்டிய இடம் ஒன்றும் கிடையாது.

மத்தியானம் செத்தவருடைய மனைவி வந்தாள். சின்ன வயசு. கணவனின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை கருகியிருந்தது. தண்ணீர் கொண்டுபோன என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க அக்கா, வழுக்கி உளுந்தா கை இப்படி வேகுமுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க கண்ணு" என்றேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். வாழ்த்திவிட்டாளே, பாவி மகள்!

உடலைக் கொண்டுபோக வேன் வந்துவிட்டது. கீழே போனதும் எரித்துவிடுவார்கள். எரித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதிலே கிடைக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு போய் பஸ் ஏறினேன்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். எல்லாம் சொன்னேன். ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்ததையும் சொன்னேன். "உசுரு போற மாதிரி பெரிய குத்தம் நடந்தது தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லியே ஆகணுமுங்கம்மா. அது சட்டம். ஊர்க்கூட்டத்துல சொன்னா சொன்னதா ஆகாது" என்றார். உடனே போன் போட்டு அடிவாரத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். "உங்க கடமையத்தான் செஞ்சீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

கடமையாம் கடமை! சட்டத்தில் அது ஒரு வரியாக இருக்கும். எனக்கு அது இருபத்தெட்டு வருடச் சிநேகிதம். மறுபடியும் அந்த நாள் வந்தால் சொல்வாயா என்றால், சொல்வேன். அந்தப் பெண்ணின் மடியிலிருந்த கையைப் பார்த்துவிட்டு வேறு என்ன செய்ய? சொன்னதற்காக நான் அழவில்லை. எதிர்ச் சரிவுக்காரி இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை, சோறு இறங்கவில்லை, அதற்காக அழுகிறேன்.

அவளையும் அவள் வீட்டுக்காரரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அவள் ஜாமீனில் வந்தாள். வந்த வாரம் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். "புள்ளே" என்று கிட்டே போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கறி திங்கறப்ப எங்கடி போச்சு உன் சட்டம்?"

கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், எனக்கென்ன குறைச்சல். ஆனால் கறியைப் பற்றி அவள் கேட்டது நியாயம்தான். கம்பி கட்டிய முதல் நாளே நான் சண்டை போட்டிருக்கவேண்டும். கேட்காவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு மாதம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருந்திருப்பாள். அப்புறம் உப்பு கேட்டுக் கூவியிருப்பாள். சுமை தூக்க வந்த அந்த மனுசனும் தன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வாசலில் குந்தி மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினேன்: "கறி தின்னது என் தப்புதான் புள்ளே! அப்பவே சொல்லியிருக்கோணும்!"

ஊரே கேட்டிருக்கும். அவள் கை நின்றது. என் பக்கம் திரும்பவில்லை. அவள் நாய்தான் என்னைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. விடாமல் குரைத்தது.

"ச்சூ, சும்மா கெட!" என்று அதட்டினாள்.

நாயைத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாதா? ஆனாலும் பதினொரு மாதம் கழித்து அவள் குரல் பள்ளத்தைத் தாண்டி வந்தது. இருட்டி அவள் வீட்டில் விளக்கு எரியும் வரை அங்கேயே நின்றேன்.

மணி ஐந்து தாண்டிவிட்டது. கிளம்பவேண்டும். இன்றைக்கும் அந்த நாய் குரைக்கவேண்டும், சாமி.