கை தட்டாத ஆட்டம்

செட்டியார்பட்டியில் சுடலைமாடத்தி அடியெடுத்துக் கொடுக்காமல் எந்தக் கும்மியும் தொடங்கியதில்லை. 1899ஆம் ஆண்டு ஐப்பசியில் ஊருக்குள் வந்த வாந்திபேதி அவள் கணவனைக் கொண்டுபோயிற்று. அவளுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. காட்டில் பருத்தி எடுத்தும், இராசபாளையத்துப் பஞ்சுக் கிட்டங்கிக்குப் பொதி சுமந்தும் வயிறு வளர்த்தாள். பட்டினியைப் பற்றி அவள் எவரிடமும் முறையிட்டதில்லை. இனி ஆடக் கூடாது என்றதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

தாலி இழந்தவள் அம்மன் முன்னால் கை தட்டலாகாது என்பது ஊர் வழக்கம். தட்டாத கைக்குக் கும்மியில் இடமேது? முதலாண்டு முளைப்பாரியின்போது வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாள். மறு ஆண்டுப் பங்குனியில், முளைப்பாரிச் சட்டிகளை நடுவில் வைத்துப் பெண்கள் வளையம் கட்டிய பிற்பகலில், வளையத்துக்குப் பத்தடி வெளியே வந்து நின்றாள்.

கொட்டுக்காரர் இருளப்பசாமி அடிக்கத் தொடங்கியதும் அவள் கால் எழுந்தது. நாற்று நடுவதுபோல் முதுகு வளைந்தது. விரல்கள் செடிக்குச் செடி தாவிப் பருத்தி எடுத்தன. பொதியின் கனத்தில் தோள் ஒருபுறம் சரிந்தது. பாட்டு ஒரு பக்கம் போக, அவள் தன் போக்கில் ஆடினாள். இரு கைகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, தொடாமல் விலகின.

ஊர் நாட்டாமை உக்கிரபாண்டி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் அவள் கணவனுக்குப் பெரியப்பா.

"ஏட்டி மாடத்தி! அறுத்தவளுக்கு என்ன கூத்து? கை தட்டப்படாதுன்னு தெரியாதா?"

"எங்க மாமா தட்டுனேன்? அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான இருக்காக. சத்தம் கேட்டுச்சா?"

வளையத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. ஏலே இருளப்பா, கொட்ட நிறுத்துலே!"

கொட்டு நின்றது; சுடலைமாடத்தி நிற்கவில்லை. மண்ணில் தன் பாதம் விழும் ஓசையையே தாளமாகக் கொண்டு ஆடினாள்.

அவள் நாத்தனார் பிச்சையம்மாள்தான் அன்று வளையத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தவள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். "கொட்டு இல்லாம நாங்க மட்டும் எப்படித் தட்ட, பெரியப்பா? கை வலிக்கில்லா?" ஒருத்தியைப் பார்த்து ஒருத்தியாக எல்லாருமே கைகளைக் கட்டினர்.

கும்மி மூன்று சுற்று முடியாமல் முளைப்பாரியைத் தலையில் ஏற்றக் கூடாது. பொழுது சாயுமுன் கண்மாயில் கரைத்தாக வேண்டும். நாட்டாமை மேற்கே மலையைப் பார்த்தார். சூரியன் முகட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"சரி, கொட்டுலே," என்றார். பிறகு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "வளையத்துக்குள்ளயாச்சும் போய்த் தொல. வெளிய நின்னு ஆடுறது பாக்க நல்லாயில்ல."

"வேணாம் மாமா. அந்த வளையத்துல எனக்கு எடம் பத்தாது."

அதன்பின் இருபத்தாறு பங்குனிகள் அதே இடத்தில் ஆடினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் வண்டி கட்டி வந்து பார்த்தார்கள், வைதார்கள், மறு ஆண்டும் வந்தார்கள். ஒருமுறை, கணவனை இழந்த பெண்கள் நால்வர் அவள் பின்னால் வரிசையாக நின்று, அவள் வைத்த அடியையே வைத்தார்கள். சுடலைமாடத்தி திரும்பிச் சீறினாள்.

"என் முதுகுக்குப் பொறவால எதுக்கு நிக்கிறீக? நான் பருத்தி எடுத்தவ, இப்படி ஆடுதேன். நீங்க பாத்த வேலைய நீங்க ஆடுங்க. தள்ளிப் போங்கட்டி!"

நால்வரும் ஆளுக்கொரு பக்கம் விலகினர். அவர்களில் சுண்ணாம்புக் காளவாயில் கல் உடைத்தவள்தான் முதலில், சுத்தியல் பிடித்ததுபோல், கையை ஓங்கி ஆடத் தொடங்கினாள்.