காரில் ஏறாத நேர்த்தி

சுவிஸில் ஒரு தமிழ்ப் பெண் தெருவில் தனியாக நடந்து போனால் எங்கள் ஆட்களுக்கு மூன்று காரணம்தான் தோன்றும். கார் பழுதாகிக் கராஜில் நிற்கிறது, பஸ் தவறிவிட்டது, அல்லது வீட்டில் சண்டை. நடப்பதற்காகவே நடக்கிறாள் என்பது இன்னும் யாருடைய தலையிலும் ஏறவில்லை. வெள்ளைக்காரர் இரண்டு தடியை ஊன்றிக்கொண்டு மலையேறினால் அது தேகப்பயிற்சி. நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் அது செய்தி.

எனக்கும் நடக்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. நாள் முழுக்க நின்றபடி போர்வை மடிக்கிறவளுக்கு வேலை முடிந்ததும் வேண்டியது ஒரு கதிரை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, பால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தால், பிறகு இரவுச் சமையலுக்குத்தான் எழும்புவேன். ஊரைச் சுற்றிக் காடு இருப்பதும், நடக்கிற தூரத்தில் ஏரி இருப்பதும் எனக்கு பஸ் கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற விஷயங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் காட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அந்தச் சேற்றுச் சப்பாத்துகளைக் கழுவியதுதான் காட்டோடு எனக்கிருந்த உறவு.

போன வருடம் குளிர் முடிகிற நேரம், எங்கள் குடும்ப டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சீனி வருத்தத்துக்குக் குளிசை இனிப் போதாது என்றார். மூன்று மாதம் பொறுப்பதாகவும் சொன்னார். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும், மரம் நிற்கிற இடமென்றால் இன்னும் நல்லது. அதற்குள் சீனி இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி.

எங்களுக்குள் ஊசி என்றால் கடைசிக் கட்டம். என் அக்காவுக்கு ஊசி தொடங்கிய அடுத்த வருடம் கால்விரல்களை எடுத்தார்கள், அதற்குப் பிறகு பாதத்தை. ஊசியால் விரல் போவதில்லை, ஊசி பிந்தினால்தான் போகும் என்று டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். விளங்கியது. பயம் போகவில்லை. அன்றே கடைக்குப் போய் ஒரு நல்ல சப்பாத்து வாங்கினேன்.

வேலையிலிருந்து வீட்டுக்கு, ஏரிப் பக்கத்தால் சுற்றி நடந்தால் ஒரு மணித்தியாலம் வரும். ஆனால் ஏரிப் பாதைக்குப் போக முதலில் பெரிய தெருவால் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். முதல் நாள் அந்தப் பெரிய தெருவிலேயே ஒரு வெள்ளி நிறக் கார் என் பக்கத்தில் வந்து நின்றது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண், என்னைவிட வயது குறைந்தவள். விசேஷங்களுக்கு ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் ஓடர் எடுத்துச் செய்து கொடுப்பாள். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்னக்கா, நடந்து போறியள்? கார் பழுதோ?"

"இல்லைப் பிள்ளை, சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ? இந்தக் குளிருக்கையோ? ஏறுங்கோ, ஏறுங்கோ."

ஏறினேன். வேறு என்ன செய்வது? எங்கள் பாஷையில் 'வேண்டாம்' என்ற சொல் சோற்றுக்குச் செல்லும், அதுவும் மூன்றாவது தடவை சொன்னால்தான். நிறுத்திய காருக்குச் செல்லாது. கூப்பிட்டும் ஏறவில்லை என்றால், அவளோடு கோபம் என்று அர்த்தம். இங்கே பிறந்தவர்கள் 'நைன் டாங்க', வேண்டாம் நன்றி, என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. எனக்கு அந்த வசதி இல்லை.

ஏறியதும் என் மடியில் ஒரு காகிதப் பை வந்து விழுந்தது. "பேத்டே ஓடர் அக்கா. உடைஞ்சதுகளைத் தனியப் போட்டனான், சாப்பிடுங்கோ." உள்ளே முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த பெரிய ரோல்ஸ். எங்கள் ஆட்கள் அதற்கு மிதிவெடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தால் மெஷினில் சீனி ஏறியிருந்தது. நடக்கப் போய்ச் சீனி கூடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஒரு மாதத்தில், ஊஸ்டரில் இவ்வளவு தமிழரிடம் கார் இருப்பது எனக்குத் தெரியவந்தது. ஒருவர் விட்டால் மற்றவர். ஒரு அண்ணை எதிர்ப் பக்கம் போனவர், சுற்றுவட்டத்தில் திரும்பி வந்து ஏற்றினார். எல்லாரும் நல்ல மனிதர்கள். அவர்களுடைய நல்ல குணம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

பிறகு தூரத்து ஃப்ரிபூர்க்கில் இருக்கும் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசி எடுத்தார். வீட்டில் ஏதும் பிரச்சினையோ, அண்ணி தனியத் தெருவில் திரிகிறாவாம், தான் வந்து கதைக்கவோ என்று கேட்டிருக்கிறார். கணவர் உணவகச் சமையற்கட்டில் வேலை செய்கிறவர். நாள் முழுக்கச் சூட்டில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு இது நல்ல வரவேற்பு இல்லை.

"உமக்கு நடக்கத்தான் வேணுமெண்டால் வீட்டுக்குள்ளை நடவுமன்," என்றார்.

"நடந்தால் கீழ்வீட்டுக்காரி மேலை வந்து நிப்பா."

கீழ்வீட்டுக்காரிக்கு நாங்கள் தும்மினாலும் கேட்கும்.

முதல் மாதம் முடிந்தபோது சீனி இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று வேலையில் மெஷின் ஒன்று பழுது, முதுகு நோ, வெளியே தூறல். பாதசாரிகளுக்கான மஞ்சள் கோட்டில் தெருவைக் கடக்க நின்றபோது வெள்ளி நிறக் கார் வந்து நின்றது. "ஏறுங்கோ அக்கா, நனையப் போறியள்." எனக்கு அவளில் கோபம் இல்லை. ஆனால் கோபமாக இருந்தது. அக்காவின் காலும் நினைவுக்கு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏற ஏலாது பிள்ளை. நேர்த்தி."

அவள் உடனே காரில் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். "முருகனுக்கோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியாமல் போச்சக்கா. குறை நினைக்காதையுங்கோ." நீட்டிய காகிதப் பையையும் அவசரமாகப் பின்னுக்கு இழுத்தாள். "இது மச்சம்."

நேர்த்தி வைத்தவர் இறைச்சி மீன் தொடமாட்டார் என்பது என் யோசனையில் வரவேயில்லை. கதிர்காம முருகனுக்குக் கால்நடையாகப் போகிற சனத்தில் பிறந்தவர்களுக்கு நடக்கிற நேர்த்தியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு சொல்லில் காரும் போனது, ரோல்ஸும் போனது.

அந்தக் கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது கார்கள் என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்து மெல்ல ஹோர்ன் அடித்துவிட்டுப் போயின. ஒருவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்குப் பயமாக இருந்தது. என்ன நேர்த்தி என்று கேட்டவர்களுக்கு, அதைச் சொல்லக்கூடாது என்றேன். அதையும் மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள். பல வருடம் படித்த டொக்டரின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு முருகனுக்கு ஒரு நொடியில் கிடைத்தது.

கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். "பொய் நேர்த்தி கூடாதப்பா," என்றார். "முருகன் என்ன நினைப்பார்?"

"பஞ்சாமிர்தம் சாப்பிடுற ஆளுக்குச் சீனி வருத்தத்தைப் பற்றி விளங்கும்," என்றேன்.

ஆனாலும் ஊருக்காக மச்சத்தை விட வேண்டியிருந்தது. விருந்துகளில் என் பங்கு ஆட்டிறைச்சியையும் சேர்த்து அவர் சாப்பிட்டார். அப்போது முருகனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நடை அன்றிலிருந்துதான் தொடங்கியது. தெருவை விட்டு ஓடைக் கரையால் இறங்கி, காட்டின் ஓரமாக, ஏரிக்கு. முதல் நாட்களில் காட்டுக்குள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். காடு என்றால் எங்கள் வயதுக்காரருக்கு வேறு நினைவுகள் உண்டு. இங்கே எதிரே வந்தவர்கள் நாயோடு வந்தார்கள், 'க்ரூயெட்ஸி' என்று வணக்கம் சொன்னார்கள், போனார்கள். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

இயற்கையோடு சேர்ந்தால் மனம் லேசாகும் என்று டொக்டரின் அறையில் கிடக்கும் சஞ்சிகைகளில் எழுதியிருக்கும். என் மனம் லேசானதாக எனக்குத் தெரியவில்லை. ஈரச் சப்பாத்தும் மூக்கில் ஒழுகும் தண்ணீரும்தான் பல நாள் இயற்கை. ஆனால் சில விஷயங்கள் தெரியவந்தன. காட்டில் ஒரு நாள் உள்ளிப்பூண்டு வாசம் வந்தது. யாரோ சமைக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். நாயோடு வந்த ஒரு கிழவி நிலத்தைக் காட்டி, அது காட்டு உள்ளி என்றாள். பார்வைக்கு அதே மாதிரி நஞ்சு இலை ஒன்றும் இருக்கிறது, கசக்கி மணந்து பார்க்காமல் பிடுங்காதே என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு இலையாக மணந்து பிடுங்கி வந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன். கணவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார்.

நாணல் வளர்ந்தது. வயலில் நாரைகள் வந்து நின்றன. நடக்கும்போது தொலைபேசியில் கதைப்பதை விட்டுவிட்டேன். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத ஒரு மணித்தியாலம் என் வாழ்க்கையில் அதற்கு முதல் இருந்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வைகாசியில் ஒரு நாள் ஏரிக்கரைக் கார் தரிப்பிடத்தில் அந்த வெள்ளி நிறக் கார் நின்றது. அவள் வெளியே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றாள்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

மார்பில் கட்டி என்றாள். புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது, ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்திருக்கிறார்கள் என்று திகதியைச் சொன்னாள். அவளுடைய கணவருக்கு மட்டும் தெரியும், பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இதையெல்லாம் ரோல்ஸுக்கு ஓடர் சொல்கிற குரலிலேயே சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"உங்கடை நேர்த்தியோடை என்னையும் சேர்த்து நடக்கேலுமோ அக்கா? நானே நேர்த்தி வைக்கலாம். நடந்து முடிக்க எனக்கு ஏலுமோ தெரியேல்லை."

அது முருகனுக்கு இல்லை, என் சீனிக்கு என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"ஓம் பிள்ளை. நடக்கிறன்," என்றேன்.

நான் பெரிய பக்திக்காரி இல்லை. கோயிலுக்குப் போவது ஆட்களைக் காணவும் அன்னதானத்துக்கும்தான். அன்றிலிருந்து நடை பாரமாகிவிட்டது. கால் நோகிற நாளில், ஒரு நாள் விட்டால் என்ன என்று முன்பு என்னிடமே கேட்பேன். இப்போது கேட்கப் பயமாக இருந்தது. மற்றவர்கள் பாரத்தை இறக்கி வைக்கப் போகிற இடத்தில் நான் ஒன்றை ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று மாதம் முடிந்து டொக்டரிடம் போனேன். சீனி இறங்கியிருந்தது. அவர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊசி இப்போது தேவையில்லை, இனிக் கிழமைக்கு மூன்று நாலு தரம் நடந்தாலும் போதும் என்றார். வெளியே வந்து வாசற்படியில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் என் கால்களைப் பார்த்தேன். அக்காவை நினைத்து அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் இருவருக்கும் வேலை இல்லை. கணவர் எனக்காகச் சந்தோஷப்பட்டு மீன் வாங்கி வந்து, மஞ்சள் உப்புப் பிரட்டித் தானே பொரித்தார். ஊருக்காக இவ்வளவு நாள் விட்ட மீன். வெளியே நல்ல மழை, நடக்கவும் தேவையில்லை. சோற்றில் கை வைத்தபோதுதான் அன்றைய திகதி எனக்கு உறைத்தது. அவளுக்கு ஒப்பரேஷன் அன்று.

கையை எடுத்தேன்.

"என்ன, உப்புக் கூடிப் போச்சோ?" என்றார் கணவர்.

"இண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒப்பரேஷன்."

"அது பொய் நேர்த்தியெல்லோ?"

"எனக்குத்தான் பொய். அவளுக்கு?"

அவர் என் சோற்றுக் கோப்பையை எடுத்து மூடி வைத்தார். நான் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஏரிக்கரையில் ஒரு சனம் இல்லை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நடந்தேன். பின்னேரம் மழை விட்டபோதும் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. போன பாதையிலேயே திரும்பவும் நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவள்தான். நித்திரை கலையாத குரல்.

"அக்கா, முடிஞ்சுது. மிச்சத்தைப் பிறகுதான் சொல்லுவினமாம்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "இண்டைக்கும் நடந்தனீங்களோ?"

"நடந்துகொண்டுதான் இருக்கிறன்."

"அங்கை என்ன சத்தம்?"

"நாணல். காத்துக்கு ஆடுது."

"ஃபோனை வையாதையுங்கோ அக்கா. ஒண்டும் கதைக்கவும் வேண்டாம்."

நான் கதைக்கவில்லை. தொலைபேசியை நாணல் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கை நொந்தபோது மற்றக் கைக்கு மாற்றினேன். அவள் நித்திரையாகிவிட்டாளோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பவும் நாணல் பக்கம் பிடித்தேன்.