சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ

பெண்களை மீட்கப் பணம் உண்டு. மீட்ட பிறகு சோறு போடக் கிடையாது. எங்களுக்கு நிதி கொடுத்தவர்களின் நியாயம் அது. கடலூரில் நான் வேலை பார்த்த காப்பகத்தைப் பூட்ட வேண்டியதாயிற்று. கடைசியாக மிச்சமிருந்த செல்வியைச் சிதம்பரத்தில் இன்னொரு காப்பகத்தில் சேர்க்க அழைத்துப் போனேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்டவள் அவள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தக் காப்பகத்திலிருந்து போன். "எங்களுக்கும் நிதி நின்னுபோச்சுங்க மேடம். புதுசா யாரையும் சேக்க முடியாது."

யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. பதற்றத்தை மறைக்கச் செல்விக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"பயப்படாதம்மா. நல்ல எடமா பாத்து சேத்துவுடுறேன்."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னை வித்த அக்காவும் பஸ் ஸ்டாண்டுலதான் டீ வாங்கிக் குடுத்தாங்க. இதயேதான் சொன்னாங்க."

உள்ளதைச் சொன்னேன்.

"எங்க போறதுன்னு எனக்கே தெரியல செல்வி. இன்னிக்கு எங்க வீட்டுக்கு வர்றியா? நாளைக்கு என்னன்னு தெரியாது."

அவள் ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.

இப்போது வேறொரு காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு பெண் எதிரில் வந்து உட்காரும்போதெல்லாம், 'பயப்படாதம்மா' என்று வாய்வரை வந்துவிடுகிறது. விழுங்கிக்கொள்கிறேன்.