டாக்டர்தான் கொலைகாரன்

டிவியில் ஒருவர் ஒரு பழைய டைரக்டரின் கொலைப் படங்களை வரிசைப்படுத்தினார். சிறுமியாக நான் மொரப்பூர் டென்ட் கொட்டகையில் பார்த்த படத்துக்கு நாலாவது இடமாம். அவருக்கு என்ன தெரியும்? எனக்கு அதுதான் முதல்.

அன்று இடைவேளையில் சோடாக் கடையருகே சித்தப்பா, "அவர் படத்துலயே இதுதாண்ணா ஒசத்தி" என்றார். தர்மபுரியில் முன்பே பார்த்துவிட்ட அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"போன படத்துக்கு இது ஒறை போடக் காணாதுடா. டாக்டர்தான் கொலைகாரன். வூட்டுக்கு நட."

"முடிவச் சொல்லிட்டியே, பாவி!" சித்தப்பா சோடா பாட்டிலால் அப்பாவின் மண்டையில் அடித்தார். ரத்தம் என் பாவாடையில் தெறித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கதறினாள். "படம் முடியட்டும்" என்று அப்பா துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

கடைசியில் கொலைகாரன் டாக்டர் இல்லை, அவர் மனைவி. சித்தப்பா திரும்பி அண்ணனைப் பார்த்தார். அப்பா சிரித்தபடியே மணலில் சரிந்தார். அலறிக்கொண்டு அவரைத் தோளில் தூக்கிப் போட்டு ஓடினார் சித்தப்பா.

"மெதுவா ஓடுடா," என்றார் அப்பா. "படம் ஒசத்திதான்."