ரோசா தேடி வந்த சொல்

நூலகத்தில் வேலை என்றால் நாள் முழுக்க இருந்து புத்தகம் வாசிக்கலாம் என்று நினைக்கிற சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார்கள். நாங்கள் தூக்குகிறவர்கள், வாசிக்கிறவர்கள் அல்ல என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது.

என்ன ஆராய்ச்சி?

2009 ஏப்ரலில், லண்டனில் நான் வேலை செய்த நூலகத்தின் கையெழுத்துப் பிரதிப் பகுதிக்கு ரோசா வந்தார். பெரு நாட்டுக்காரர், இல்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. சோலோன் மொழிக்குப் பாதிரியார் ஒருவர் எழுதிய பழைய இலக்கணத்தைக் கேட்டார். அந்தீஸ் மலையின் கிழக்குச் சரிவில் பேசிய மொழி அது. இபிட்டோ என்று ஒரேயொரு சகோதர மொழி. இரண்டும் சேர்ந்ததுதான் குடும்பம், பேச ஆளில்லாமல் குடும்பத்தோடு போய்விட்டது.

என்ன ஆராய்ச்சி என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"ஆராய்ச்சி இல்லை. அப்பா சாகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அது ஸ்பானிஷ் இல்லை, அவர் ஊர்ப் பழைய மொழியாகத்தான் இருக்க வேண்டும். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

பக்கத்து மேசை

லீவு நாளிலெல்லாம் வந்தார். அந்தீஸ் மொழிகளைப் படிக்கிற பேராசிரியர் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார். நான்தான் அறிமுகம் செய்து வைத்தேன். அப்பா சொன்ன அந்த ஒலியை ரோசா மெதுவாகச் சொன்னார். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் சொல்லச் சொன்னார். பின்னேரம் முழுக்கப் பக்கம் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மன்னியுங்கள் அம்மா. இது பாதிரியார் தன் ஊழியத்துக்கு எழுதியது. வீட்டுப் பேச்சு இதில் அதிகம் இல்லை."

அக்காவின் போன்

மே மாதம் வந்தது. அக்கா குடும்பம் இலங்கையில், சண்டை நடந்த வன்னியில். போன் இல்லை, தகவல் இல்லை. வேலை முடிந்தால் நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லிக் கூடியிருந்த சனத்தோடு சனமாக நிற்பேன். சண்டை முடிந்த பிறகு ஒருநாள் முகாமிலிருந்து அக்கா கதைத்தாள்.

மறுநாள் ரோசா என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"அக்கா சொன்னதை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்."

"தம்பி, நான் இருக்கிறன். அத்தானைக் கேக்காதை."

ரோசா மேசைமேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா சொன்னது உங்களுக்கு விளங்கியிருக்கிறது, இல்லையா?"

பழைய தாள் கெடாமலிருக்க எத்தனை பாகை குளிர் வேண்டும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்; பேசுகிற சனத்தை வைத்துக் காப்பாற்றத்தான் இன்னும் ஒருவரும் அறை கட்டவில்லை.