முன்மொழிந்தவன்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்துக் கட்சிக் கிளைக்கு ஒரே தலைவர்தான். மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ளே போனால் எங்கள் வீடுகள் வரும். பழைய தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடுகள். தோட்ட வேலையில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். எங்கள் ஆட்கள் லோரி ஓட்டினார்கள், தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நான் டவுனில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்தேன். என் தம்பி விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி புக்கிட் பெருந்துங்கில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தான்.

தலைவர் எல்லோருக்கும் கெட்டவர் இல்லை. அடையாளக் கார்டு கிடைக்காதவர்களுக்கு வாங்கித் தந்திருக்கிறார். தீபாவளிக்கு அரிசி மூட்டை கொண்டுவருவார். ஆனால் அவரைக் கேள்வி கேட்க முடியாது. அவரைச் சுற்றி எப்போதும் ஐந்தாறு வாலிபர்கள் நிற்பார்கள். கொடி கட்டுவது, மேடை போடுவது, யாராவது எதிர்த்துப் பேசினால் அவர்கள் வீட்டு வாசலில் போய் மோட்டாரை முறுக்கிக்கொண்டு நிற்பது, இவைதான் அவர்களுடைய வேலை. அதற்கு இளைஞர் பிரிவு என்று பெயர். அவர்களில் ஒருவன் என் தம்பியோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தவன். எங்கள் வீட்டில் பலநாள் சாப்பிட்டிருக்கிறான்.

தோட்டத்தில் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் வரிசை வீடுகளும் அதில் போகும் என்றார்கள். எங்களை எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைவர் மட்டும் கம்பெனிக்காரர்களைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றார். கோயில் திருவிழா முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி அவர் எதிரில் போய், எங்களைக் கேட்காமல் என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தலைவர் சிரித்தார். அவர் பக்கத்தில் நின்றவன் அவள் கன்னத்தில் அறைந்தான்.

அந்தச் சத்தம் கேட்டு பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் காதுத் தோடு தெறித்து யாருடைய இலையிலோ விழுந்தது. அவளுடைய அப்பா ஓடிவந்தார். அடித்தவனை ஏதாவது செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை தெரியாமல் பேசிவிட்டாள், மன்னிச்சிருங்க என்றார்.

கிளைத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்பது என்று நான் முடிவு செய்தது அந்தப் பந்தியில்தான். எனக்கு அரசியல் தெரியாது. அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வாய் சோறு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பதினெட்டு வயதிலேயே ஓட்டு என்று சட்டம் வந்த பிறகு, ஓட்டுரிமை இருந்தும் கட்சிப்பக்கம் வராத பிள்ளைகள் தோட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். நானும் தம்பியும் வீடு வீடாகப் போய் அவர்களை உறுப்பினராகச் சேர்த்தோம். சில வாரங்களில் எங்கள் நாய் வாசலில் நுரைதள்ளிச் செத்துக் கிடந்தது. பிறகு முன்பக்கச் சன்னல் கண்ணாடியில் கல் விழுந்தது. ஒரு சில்லு அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. நான்தான் தையல் போட கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அம்மா அழவில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறை மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த தம்பி, உடைந்த சன்னலுக்கு அட்டை வைத்து ஆணி அடித்தான். அடித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நில்லுக்கா. ஒன் பேர நானே முன்மொழியறேன். வேற யாரையும் மாட்டிவிட வேணாம்லா."

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோட்ட மண்டபத்தில் நடந்தது. நாங்கள் போனபோது வெளியே இரண்டு வேன்கள் நின்றன. முன்வரிசைகளில் நான் பார்த்தே இராத இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்திருந்த பார்வையாளர் அவர்களைப் பார்த்தும் பார்க்காதவர்போல வரவேற்புரையை வாசித்தார். தலைவர் பதவிக்கு யாரையாவது முன்மொழிகிறீர்களா என்று அவர் கேட்டதும் தம்பி எழுந்தான். பக்கவாட்டில் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்தான்.

அவன் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். முதல் எழுத்து மட்டும்தான் வந்தது. பக்கவாட்டிலிருந்து மடக்கப்பட்ட இரும்பு நாற்காலி ஒன்று வேகமாக வீசி இறங்கியது. எறியவில்லை, கையில் பிடித்தே அடித்தார்கள். அதன் கால்முனை தம்பியின் இடது முகத்தில் இறங்கியது. அவன் விழவில்லை. நின்றபடியே என் பெயரின் மிச்சத்தையும் சொன்னான். பிறகுதான் முழங்கால் மடங்கியது.

அதன் பிறகு நாற்காலிகள் எல்லாப் பக்கமிருந்தும் வந்தன. ஒரு பெண்ணை முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார்கள். வழிமொழிய வேண்டியவனைச் சுவரோடு சேர்த்து வைத்து உதைத்தார்கள். எங்கள் பிள்ளைகளும் சும்மா இல்லை. மின்சாரக் காற்றாடியின் இரும்புத் தண்டைப் பிடுங்கி ஒருவன் சுழற்றினான். யாருடைய பல்லோ என் கால்மாட்டில் விழுந்தது. நான் தரையில் உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனையோ காயங்களைத் துடைத்துக் கட்டியவள் நான். அவன் கண் இருந்த இடத்தைப் பார்த்ததும் கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஷாலைச் சுருட்டி அழுத்திக்கொண்டேன். அது நனைந்து கனத்தது.

நாற்காலியோடு நின்றவனை நிமிர்ந்து பார்த்தேன். தம்பியின் பள்ளித் தோழன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றக் கண்ணைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் தம்பி, யார் ஜெயித்தது என்று கேட்டான். கூட்டமே நின்றுபோனது என்றேன். மறுபடி தூங்கிவிட்டான். அப்பா வராந்தாவில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தார். லோரியிலிருந்து அப்படியே வந்தவர். செம்பனைப் பழத்தின் எண்ணெய்க் கறை கையில் காய்ந்திருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் எங்கள் பிள்ளைகளில் ஒருவன் போன் செய்தான். வாய்க்கால் ஓரத்து வளைவுக்கு உடனே வாங்கக்கா என்றான். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

அந்தப் பள்ளித் தோழனைச் செம்பனை மரத்தோடு கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. முதுகிலும் தோளிலும் பனைமட்டை முள் கிழித்த கோடுகள். உதடு பிளந்து தொங்கியது. கால்சட்டை நனைந்திருந்தது. ஐந்து பேர் நின்றார்கள், எல்லோரும் நான் கட்சியில் சேர்த்தவர்கள். ஒருவன் கையில் குலை வெட்டும் அரிவாள், இன்னொருவனிடம் இரும்புக் குழாய்.

"நீங்கதான்கா எங்களுக்குத் தலைவி," என்றான் அரிவாள் வைத்திருந்தவன். "தம்பிக்குப் போன அதே கண்ண எடுத்துர்றோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

அதுவரை யாரும் என்னைத் தலைவி என்று கூப்பிட்டதில்லை. நான் கட்டப்பட்டவனின் இடது கண்ணைப் பார்த்தேன். அது வீங்கி, பாதி மூடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. செய்யுங்கள் என்ற சொல் என் நாக்கில் இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி கையை உயர்த்திக் கண்மேல் இருந்த கட்டைத் தடவிப் பார்த்ததுதான் நினைவில் இருந்தது. இவனும் அப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசைப்பட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் வாந்தி எடுத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. நான் அவன் அம்மாவிடம், என்னை நம்பி அனுப்புங்கள் என்று சொல்லிக் கூட்டி வந்தவன். நான் இப்போது சொல்லும் வார்த்தையை இவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் சொன்னா கேப்பீங்களா?"

"கேப்போம்கா."

"அவுத்து விடுங்க."

யாரும் அசையவில்லை. அதை மட்டும் சொல்லாதீங்கக்கா என்று ஒருவன் முனகினான். நான் போய்க் கயிற்றில் கை வைத்தேன். இரும்புக் குழாய் வைத்திருந்தவன் ஆத்திரம் தாங்காமல் கட்டப்பட்டவனின் தலையைப் பார்த்து ஓங்கினான். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். என் எலும்பு உடைந்த சத்தம் அவர்கள் எல்லோருக்கும் கேட்டது. என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து அவர்கள் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நிறுத்தினார்கள்.

பிள்ளைகளில் ஒருவன் ஓட்ட, போலீஸ் நிலையத்துக்கு ஒரே காரில்தான் போனோம். பின் சீட்டில் நானும் அவனும். என் கை மடியில் தனியாக, யாருடையதோபோலக் கிடந்தது. பாதி வழியில் அவன் பேசினான்.

"அடிக்கச் சொன்னாங்கக்கா. கண்ணு போவும்னு நெனைக்கல."

கார் குலுங்கியது. உடைந்த கையை மறுகையால் தாங்கிக்கொண்டேன்.

"அடிச்சது நான்தான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "எந்திரிக்கறப்ப ஒன்னப் பாத்துச் சிரிச்சானே."

அவன் கார்க் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். நிலையம் வரும்வரை அழுதான். உள்ளே போனதும், யார் சொல்லி அடித்தான் என்பதையும் சொன்னான். அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆனால் வழக்கு அவன்மேல் மட்டும்தான் வந்தது. அவனைக் கட்டிவைத்து அடித்ததையும் நான் மறைக்கவில்லை; அதற்காக எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் உள்ளே போய்வந்தார்கள். காட்டிக்கொடுத்தவள் என்று அவர்கள் வீட்டில் என்னை இன்றும் சொல்கிறார்கள்.

மேலிடத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம், வெளியே தெரிந்தால் நம் இனத்துக்குத்தான் அசிங்கம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு மாநில அளவில் இளம் பெண்கள் பிரிவில் பதவி தருவதாகவும் சொன்னார்கள். இளைஞர்கள்தான் நாளைய தலைவர்கள் என்று அவர்களில் ஒருவர் அம்மா போட்டுக்கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். உள்ளறையிலிருந்து தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

"போனது என் கண்ணு," என்றான். "அக்காகிட்ட ஏன் கேக்கறீங்க?"

அவர்கள் எழுந்து போனார்கள். தம்பி என் பக்கம் திரும்பினான். அவன் என்னைப் பாராட்டுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லைதான். ஆனால் அவன் சொன்னதற்கும் நான் தயாராக இல்லை.

"நீயும் அவன விட்டுருக்கக் கூடாது. ஒனக்கு நல்ல பேரு வேணும். அதான் காப்பாத்தின."

அதன் பிறகு பல மாதம் அவன் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். அம்மா வழியாகத்தான் எதுவும். தூரம் கணக்குத் தெரியாமல் தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவான். நான் துடைக்கப் போனால் துணியைப் பிடுங்கிக்கொள்வான். அவன் சொன்னது பொய் என்று என்னால் முழுசாகச் சொல்ல முடிந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

நின்றுபோன கூட்டத்தை மறுபடி நடத்தினார்கள். வாசலில் போலீஸ் நின்றது. கையில் மாவுக்கட்டோடு நான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னை யார் முன்மொழிவது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. பார்வையாளர் கேள்வியைக் கேட்டதும் கடைசி வரிசையில் தம்பி எழுந்தான். தலையை லேசாகத் திருப்பி, இருக்கிற கண்ணால் எல்லாப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, என் முழுப்பெயரைச் சொன்னான். உட்கார்ந்துகொண்டான். நான் ஜெயித்தேன். வீட்டுக்குப் போகும்போதும் அவன் என்னிடம் பேசவில்லை.

வீடுகளைப் பற்றி கம்பெனியோடு பேசியபோது தோட்டத்தின் எல்லாக் குடும்பத்திலிருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே மாற்று வீடு என்பது கிடைத்தது. பழைய தலைவர் அதற்கு அடுத்த வருஷம் படுக்கையில் விழுந்தார். நான் போய்ப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி இப்போது பேசுகிறான். கொஞ்சமாக.

போன மாதம் ஒரு செய்தி வந்தது. அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து ஒரு பெண் நிற்கப்போகிறாளாம். பள்ளி முடித்து அதிக காலம் ஆகவில்லை. நான் மாற்று வீடுகளுக்குச் சம்மதித்தது தவறு என்று பேசுகிறாளாம். என்னோடு இருக்கும் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். அவள் அண்ணன் வேலை செய்யும் இடம் தெரியும், நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்கா, நாங்களே பாத்துக்கிறோம் என்றார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார்கள், கூட்டத்துக்குக் குடிதண்ணீர் வாங்கி வைப்பதைப்போல. யாராவது அவள் வீட்டுப்பக்கம் போனால் முதல் புகார் நான் கொடுப்பேன் என்றேன். நம்பாதவர்களாகப் போனார்கள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. உள்ளிருந்து எட்டிப் பார்த்த மகளைக் கையால் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, சின்னப் பிள்ளை தெரியாமல் பேசுகிறாள் என்று ஆரம்பித்தார்.

வாசலிலேயே நின்றபடி, கூட்டத்துக்குப் போலீஸ் பாதுகாப்புக் கேட்டிருக்கிறேன், அவள் பயப்படாமல் வரலாம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கதவைப் பிடித்திருந்த கையை அவர் எடுக்கவில்லை.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்.

"வருவேன்," என்றாள். "நீங்க சொல்லாட்டியும் வந்துருப்பேன்."