வெட்டுமேசைக்கு ஒரு கட்டைவிரல்

உப்புத்தாள் பிடித்த கை ஒரு கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கணுவில் இரண்டு இழுப்பு, ஒரு ஊதல், பிறகு தடவல்.

கைக்குச் சொந்தக்காரர் பன்னிரண்டு வருடமாகச் செயற்கை உறுப்பு செய்கிறவர். அதற்கு முன் நாற்காலி செய்தார். "அப்பவும் கால்தான், இப்பவும் கால்தான். இப்ப வர்ற காலு எதிர்த்துப் பேசுது, அவ்வளவுதான்," என்பார்.

இந்த விரல் ஒரு தையல்காரம்மாவுக்கு. இயந்திரத்தில் சிக்கி வலது கட்டைவிரல் போய்விட்டது. இருபது வருடம் துணி வெட்டியவர். திங்கட்கிழமைக்குள் கத்தரி பிடிக்காவிட்டால் வெட்டுமேசைக்கு வேறு ஆள் என்று முதலாளி நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

முதலில் செய்த விரல் புதன்கிழமையே தயார். இடது கையைப் பலகைமேல் விரித்து அச்செடுத்து, அதை வலதுக்கு மாற்றிச் செய்தது. ரேகை, நகம் எல்லாம் அசல் போலவே. மாட்டிக்கொண்டு கத்தரியை எடுத்தார் தையல்காரம்மா. நழுவி விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"லட்சணமாத்தான் இருக்குண்ணே. ஆனா விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு வேலைக்கும் வளையமாட்டேங்குது."

பட்டறையில் செயற்கை நகங்களுக்கு வண்ணம் தீட்டும் அவர் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "தூங்குற கையப் பார்த்துச் செஞ்சா தூங்குற விரல்தான் வரும்."

அவருக்குச் சுருக்கென்றது. எதையும் பலகையில் படுக்கவைத்து அளக்கும் நாற்காலிக்காரன் புத்தி. பென்சிலை எடுத்துத் தன் கையையே பார்த்தார். நான்கு விரல்களும் ஒரே வரிசையில் நிற்க, கட்டைவிரல் மட்டும் விலகி, அவற்றுக்கு எதிரே முகம் காட்டி நின்றது. அப்படி எதிரே நிற்பதால்தான் பிடியே. விரித்த கையில் அது பக்கத்தில் சாய்ந்து படுத்துவிடுகிறது.

"இடது கையில கத்தரியப் பிடிம்மா."

"இதுல வெட்டினா துணி அழும்ண்ணே."

"வெட்ட வேண்டாம். பிடிச்சாப் போதும்."

தையல்காரம்மா பிடித்திருந்தபடியே அவர் அச்செடுத்தார். வலது கையில் விரல் போனாலும் அதை நகர்த்தும் சதை உள்ளங்கை மேட்டில் தெம்பாகவே இருந்தது. அதை அமுக்காதபடி புது விரலின் அடிவிளிம்பைக் குறைத்தார்.

சனிக்கிழமை காலை மாட்டிப் பார்த்தபோது கத்தரி அசையாமல் நின்றது. நாலு மடிப்புத் துணி ஒரே ஓட்டத்தில் வெட்டுப்பட்டது. கணுவில் மட்டும் கத்தரி வளையம் உரசியது. அதைத்தான் இப்போது தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்ண்ணே. தேய்ச்சுத் தேய்ச்சுச் சுண்டுவிரலாக்கிடாதீங்க."

"நகத்துக்கு இன்னும் வண்ணம் பூசலையே," என்றாள் மனைவி.

"துணியில கோடு போடுற சாக்கட்டித் தூள் ஒட்டிக்கும் அண்ணி. அது போதும்."

அவர் விரலைத் துணியால் ஒருமுறை துடைத்து, நீட்டியிருந்த கையில் வைத்தார்.